58 இன்ச் வண்டி, 50 இன்ச் பாதை

குட்டி யானையைத் தெரியாதவர் நம் காலேஜில் யாரும் இருக்க முடியாது. மெஸ்ஸுக்குக் காய்கறி வருவது அதில்தான், கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் வருவதும் அதில்தான். அந்த டாடா ஏஸை நீளத்தில் கொஞ்சம் சுருக்குங்கள். டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு 660 சிசி பெட்ரோல் எஞ்சின் வையுங்கள். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற மாதிரி ஃபோர் வீல் டிரைவ் கொடுங்கள். ஜப்பானில் ஒரு விவசாயி இருபத்தைந்து வருஷம் நெல் மூட்டை ஏற்றி ஓட்டட்டும். பிறகு கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்புங்கள்.

இது கற்பனை இல்லை. இப்படிப் போகிற வண்டிகளை அங்கே மினி டிரக் என்றும், கெய் டிரக் என்றும் சொல்கிறார்கள். சுசுகி கேரி, டைஹாட்சு ஹைஜெட், ஹோண்டா ஆக்டி, சுபாரு சாம்பார் (ஆமாம், பெயரே அதுதான். ஜப்பான்காரர்கள் இட்லியை நினைத்து வைக்கவில்லை, அது ஒரு மான் வகை) என்று பல பெயர்கள். சுசுகி கேரி நமக்கு அந்நியம் கிடையாது. ஊரெல்லாம் ஓடிய மாருதி ஆம்னி அந்தக் கேரி குடும்பத்து வண்டிதான்.

அமெரிக்காவில் இதை வாங்குகிறவர்களில் பலர் வார இறுதியில் காட்டுக்குள் இருக்கும் டிரெயிலில் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். பல இடங்களில் வாசலிலேயே "உன் வண்டிக்கு அனுமதி இல்லை" என்ற பதில் கிடைக்கிறது. ஏன் இல்லை என்று கேட்டால் கிடைக்கிற காரணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்தக் காரணங்களை ஒரு மெக்கானிக்கல் மாணவன் பார்வையில் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. ஆட்டோமொபைல், சிவில் ஆட்களுக்கும் இதில் வேலை இருக்கு.

முதலில் வண்டி. ஜப்பானில் கெய் என்பது ஒரு வரி வகுப்பு. இந்த அளவுக்குள் வண்டி செய்தால் வரியும் இன்சூரன்ஸும் குறைவு. 1998 அக்டோபரில் இருந்து அந்த அளவு: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சிசி, சுமை 350 கிலோ. அதற்கு முந்தைய வண்டிகள் இன்னும் ஒல்லி, அகலம் 1.4 மீட்டர்தான். ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் எடை ஏறக்குறைய 750 கிலோ. வீல்பேஸ் 1.9 மீட்டர் அளவில் இருப்பதால் சின்ன வயல் வரப்பு முனையிலும் திரும்பிவிடும். விவசாயத்துக்கென்றே செய்த சில மாடல்களில் பின் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. ஹோண்டா ஆக்டியின் அட்டாக் மாடலில் முதல் கியருக்கும் கீழே ஊர்ந்து போவதற்கென்று தனியாக ஒரு கியர் இருக்கும். சேற்று வயலுக்காகச் செய்தது காட்டுப் பாதையிலும் உதவும், அதில் ஆச்சரியம் இல்லை.

இது அமெரிக்காவுக்குள் எப்படி நுழைகிறது? அங்கே சாலைப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாத வண்டியை இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் தயாரித்து 25 வருஷம் ஆன வண்டிக்கு அந்த விதியில் இருந்து விலக்கு உண்டு. புகை விதிக்கு இந்த எல்லை 21 வருஷம். அதனால் 25 வருஷம் முடிந்த மாதமே ஏலத்தில் எடுத்துக் கப்பல் ஏற்றிவிடுகிறார்கள். இறக்குமதி லாரிகளுக்கு 1964-ல் போட்ட 25 சதவீத வரி இதற்கும் உண்டு. கோழி ஏற்றுமதிச் சண்டையில் பிறந்த வரி என்பதால் அதற்குப் பெயரே கோழி வரி! வரி கட்டின பிறகும் விலை கட்டுப்படியாகிறது. புதிதாக வந்த சில மினி டிரக்குகள் வேறு வழியில் போயின. மணிக்கு 25 மைலுக்கு மேல் போகாதபடி வேகத்தைப் பூட்டி, "இது சாலை வண்டி இல்லை" என்று சொல்லி இறக்கினார்கள். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வாங்குகிறவர்கள் யார்? சிறு விவசாயிகள், வேட்டைக்குப் போகிறவர்கள், ஏக்கர் கணக்கில் தோட்டம் வைத்திருக்கும் ஓய்வு பெற்றவர்கள். புது சைடு-பை-சைடு வண்டி ஒன்றின் விலை சுலபமாக 20,000 டாலரைத் தாண்டுகிறது. (இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் காட்டு வண்டி அது. இனி யூடிவி என்றே சொல்கிறேன்.) பழைய கெய் டிரக் அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். மூடிய கேபின், ஹீட்டர், வைப்பர் எல்லாம் வண்டியோடு வரும். முழங்கால் வலி இருக்கிறவர் பைக் மாதிரிக் காலை விரித்து உட்காரும் ஏடிவியில் ஏற முடியாது. கெய் டிரக்கில் கதவைத் திறந்து உட்கார்ந்தால் போதும். அவருக்கு டிரெயில் வாசலில் கிடைக்கும் பதில் சின்ன விஷயம் இல்லை. அந்தக் காட்டை இனி பார்க்க முடியுமா முடியாதா என்பதே அதில்தான் இருக்கிறது.

இப்போது பாதை. அமெரிக்காவின் தேசியக் காடுகளை நிர்வகிப்பது அங்குள்ள வனச் சேவை. அதன் விதிப் புத்தகத்தில் ரோடு, டிரெயில் இரண்டுக்கும் விளக்கம் இருக்கு. 50 இன்ச்சுக்கு மேல் அகலமாக இருந்தால் ரோடு, 50 இன்ச்சோ அதற்குக் குறைவோ என்றால் டிரெயில். அகலமான பாதையையும் டிரெயில் என்று அடையாளம் காட்டிப் பராமரிக்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. 50 இன்ச் என்பது 127 சென்டிமீட்டர். நம் கிளாஸ்ரூம் பெஞ்ச் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்த எண் இயற்கை விதி கிடையாது. டிரெயிலில் ஓடிய ஏடிவிகளின் அகலத்தில் இருந்து வந்தது. நாலு சக்கர ஏடிவியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1982-ல் சுசுகி. கேரி லாரி செய்த அதே கம்பெனி! அந்த மாதிரி வண்டிகள் எல்லாம் 50 இன்ச்சுக்குள் அடங்கின. அதனால் பாலம், கேட், திருப்பம் எல்லாம் அந்த அளவுக்கு அமைந்தன. டிரெயில் முனையில் இரண்டு கம்பங்களை 50 இன்ச் இடைவெளியில் நட்டுவிட்டால் போலீஸ் தேவையில்லை, கம்பமே காவல்.

2005-ல் வனச் சேவை ஒரு பெரிய விதி கொண்டுவந்தது. அதுவரை பல காடுகளில், தடை என்று போர்டு இல்லாத இடத்தில் எல்லாம் ஓட்டலாம் என்ற நிலை இருந்தது. புது விதி அதைத் தலைகீழாக்கியது. வரைபடத்தில் அனுமதி என்று குறித்த பாதையில் மட்டுமே ஓட்டலாம். ஒவ்வொரு காட்டுக்கும் இலவச வரைபடம். அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வகை: சாலையில் ஓட்டத் தகுதி பெற்ற வண்டிக்கு மட்டும், எல்லா வண்டிக்கும், 50 இன்ச்சுக்குள் இருக்கும் வண்டிக்கு மட்டும், மோட்டார் சைக்கிளுக்கு மட்டும். இந்த மாற்றம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆளுக்கொரு பக்கம் புகுந்து போனால் காடு என்ன ஆகும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நாளில் இருந்து உங்கள் வண்டி எந்த வகை என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

கெய் டிரக்கின் 148 சென்டிமீட்டரை 2.54-ஆல் வகுத்தால் 58 இன்ச் சொச்சம். பழைய 1.4 மீட்டர் வண்டி 55 இன்ச். இரண்டுமே 50-ஐத் தாண்டிவிட்டன. கணக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். கதை இங்கேதான் சுவாரசியமாகிறது.

யூடிவிகளைப் பாருங்கள். யமஹா ரைனோ வந்தபோதே 54 இன்ச்சைத் தாண்டியிருந்தது. 2007-ல் போலாரிஸ் கம்பெனி ஆர்இசட்ஆர் என்ற வண்டியைச் சரியாக 50 இன்ச்சில் கொண்டுவந்து, டிரெயிலில் போகும் என்பதையே அதன் பெருமையாக விளம்பரம் செய்தது. விதிக்குத் தகுந்தபடி வண்டியை வடிவமைத்தார்கள், பாராட்ட வேண்டியதுதான். பிறகு என்ன நடந்தது? அதே பெயரில் 64 இன்ச் வண்டி வந்தது, அப்புறம் 72 இன்ச். அகலம் கூடினால் வண்டி எளிதில் கவிழாது, சஸ்பென்ஷன் நீளமாக வைக்கலாம், வேகமாகப் போகலாம். நம்ம பாஹா டீமைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் போட்டி விதியிலும் அகல எல்லை 64 இன்ச்தான். வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நின்றபோது பல மாநிலங்களும் டிரெயில் நிர்வாகங்களும் அகலத்தைத் தளர்த்தின, அல்லது அகலமான வண்டிக்கென்று தனி வகுப்பு வைத்தன. விதி வண்டியை மாற்றியது, பிறகு வண்டி விதியை மாற்றியது.

ஆக, இன்றைக்குப் பல இடங்களில் 64 இன்ச் யூடிவி உள்ளே போகும், 58 இன்ச் கெய் டிரக் போக முடியாது. அகலம் காரணம் என்றால் இது நடக்கக்கூடாதே?

மின்னசோட்டா மாநிலச் சட்டத்தைப் பாருங்கள், இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அங்கே ஏடிவி என்றால் மூன்று முதல் ஆறு சக்கரம், குறைந்த காற்றழுத்த டயர், எடை 2,000 பவுண்டுக்குள் (907 கிலோ), ரிம்முக்கு ரிம் அகலம் 65 இன்ச்சுக்குள். 50 இன்ச்சுக்குள் இருந்தால் முதல் வகுப்பு, 50-க்கு மேல் 65 வரை இரண்டாம் வகுப்பு. கெய் டிரக்கை இதில் பொருத்துங்கள். நாலு சக்கரம், சரி. 750 கிலோ, சரி. 58 இன்ச், சரி. டயரை மாற்றிக்கொண்டால் அதுவும் சரி. எல்லாப் பாடத்திலும் பாஸ்! ஆனால் அதே விளக்கத்தில் இன்னொரு வரி இருக்கு: கோல்ஃப் வண்டி, மினி டிரக், டூன் பக்கி, கோ-கார்ட் ஆகியவை ஏடிவியில் சேராது. எண்ணால் உள்ளே வந்த வண்டியைப் பெயரால் வெளியே தள்ளுகிறது அந்த வரி. ஏடிவி இல்லையென்றால் ஜீப் மாதிரிப் பெரிய வண்டிகளோடு சேர்ந்து நிற்க வேண்டும். அவற்றுக்குத் திறந்திருக்கும் பாதைகள் ஏடிவிப் பாதைகளைவிடக் குறைவு.

மிச்சிகன் மாநிலம் வேறு மாதிரி யோசிக்கிறது. அங்கே முக்கியப் பிரிவு பாதையின் அகலம்தான். 50 இன்ச்சுக்குள் இருக்கும் வண்டிக்கு டிரெயில், எல்லா அளவு வண்டிக்கும் ரூட். உரிய ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினால் ரூட்டில் பெரிய வண்டியும் ஓட்டலாம். ஓரிகான் மாநிலம் நாலு வகுப்பு வைத்து, ஜீப்பும் பிக்கப்பும் காட்டில் ஓடும்போது அவற்றுக்கென்று இரண்டாம் வகுப்பைக் கொடுக்கிறது. மூன்று மாநிலம், மூன்று விதமான வரையறை. வண்டி ஒன்றுதான்.

சாலைப் பக்கம் வந்தால் இன்னொரு சிக்கல். ரோட் ஐலண்ட், ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் கெய் டிரக்குக்கு ரோடு பதிவு கொடுக்க மறுத்த காலம் உண்டு. டெக்சாஸும் மறுத்து, உரிமையாளர்கள் விடாமல் கேட்டதால் 2024-ல் மனம் மாறியது. மறுக்கும்போது சொல்லும் காரணம், "இது அடிப்படையில் சாலைக்கு வெளியே ஓட்டும் வண்டி." சரி என்று டிரெயிலுக்குப் போனால், "இது லாரி, சாலை வண்டி." வேகத்தைப் பூட்டி 'சாலை வண்டி இல்லை' என்று சொல்லி இறக்கினார்களே, அந்த வண்டிகளின் கதி இன்னும் மோசம். அதைச் சாலைக்கு எடுத்துப்போகவே வழியில்லை, டிரெயிலும் இல்லையென்றால் சொந்த நிலத்தைச் சுற்றி வர வேண்டியதுதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் பந்தியிலும் இலை இல்லை, பெண் வீட்டார் பந்தியிலும் இலை இல்லை என்கிற கதை.

சரி, பெயரை விடுங்கள். பாதைக்கு உண்மையில் எது கெடுதல்? இங்கே நம் முதல் வருஷ மெக்கானிக்ஸ் போதும்.

மண்ணுக்கு வண்டியின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிவது அழுத்தம், அதாவது விசையைப் பரப்பால் வகுத்தது. டயர் மண்ணைத் தொடும் இடத்தின் சராசரி அழுத்தம், டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருந்தால் கொஞ்சம் கூடும். இதை வைத்துக் கணக்குப் போடுவோம். கெய் டிரக் 750 கிலோ, உள்ளே இரண்டு பேர் 150 கிலோ, மொத்தம் 900. நாலு சக்கரத்துக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 225 கிலோ, ஏறக்குறைய 2,200 நியூட்டன். லாரிக்குரிய ஒல்லி டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அதாவது 207 கிலோபாஸ்கல், தொடும் பரப்பு சுமார் 107 சதுர சென்டிமீட்டர். ஒரு போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் சிறியது.

இப்போது 650 கிலோ யூடிவியில் அதே இரண்டு பேர். மொத்தம் 800, சக்கரத்துக்கு 200 கிலோ, 1,960 நியூட்டன். காற்று 12 பிஎஸ்ஐ, அதாவது 83 கிலோபாஸ்கல். பரப்பு சுமார் 237 சதுர சென்டிமீட்டர். எடை வித்தியாசம் பன்னிரண்டரை சதவீதம்தான். மண் உணரும் அழுத்தம் இரண்டரை மடங்கு. முதல் பார்வையில் கெய் டிரக் தோற்றுவிட்டது.

ஆனால் தோற்றது லாரி இல்லை, டயர். அதே கெய் டிரக்குக்கு அகலமான ஏடிவி டயர் மாட்டி 12 பிஎஸ்ஐக்குக் காற்றைக் குறையுங்கள். பரப்பு 267 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும், அழுத்தம் யூடிவிக்குச் சமம். அமெரிக்காவில் பலர் செய்வதும் இதைத்தான், 12 இன்ச் ரிம்மில் 23 இன்ச் உயர ஏடிவி டயர். ஒரு எச்சரிக்கை: பழைய ஒல்லி டயரிலேயே காற்றைக் குறைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். டயரின் மொத்த அகலமே 14.5 சென்டிமீட்டர். அது நசுங்கி 18 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் படுக்க வேண்டும். விறைப்பான லாரி டயர் அப்படிப் படுக்காது. திருப்பத்தில் ரிம்மை விட்டுக் கழன்றாலும் கழலும்.

அடுத்தது சுழற்சி. டிரெயிலைத் தோண்டுவது நிற்கும் சக்கரம் இல்லை, வழுக்கிச் சுழலும் சக்கரம். ஏற்றத்தில் பிடி விட்டதும் ஆக்சிலேட்டரை மிதித்தால் டயர் மேல்மண்ணைச் சுரண்டி எறியும். அந்தப் பள்ளக்கோட்டில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும். ஓடிய தண்ணீர் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். இரண்டு பருவத்தில் அது பாதையாக இருக்காது, ஓடையாகிவிடும். இந்த விஷயத்தில் கெய் டிரக்கின் பக்கம் நியாயம் இருக்கு. அதன் எஞ்சின் ஐம்பது குதிரைத்திறன் அளவில்தான். 64 இன்ச் ஸ்போர்ட்ஸ் யூடிவியில் 110 குதிரைத்திறன். ஊர்ந்து போகும் கியரும் டிஃபரன்ஷியல் லாக்கும் உள்ள வண்டி, சக்கரம் சுழலாமல் ஏறும் வாய்ப்பு அதிகம். சத்தத்திலும் தொழிற்சாலை மஃப்ளர் மாட்டிய கெய் டிரக் சாதுவான பிராணி. எக்ஸாஸ்டில் தீப்பொறி தடுப்பான் மட்டும் பார்த்து மாட்ட வேண்டும். காய்ந்த காட்டில் அது இல்லாமல் ஓட்டுவது குற்றம், குற்றமாக இல்லாவிட்டாலும் முட்டாள்தனம்.

இதுவரை படித்தவர்கள் நான் லாரிக்கு வக்கீல் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். எதிர்த்தரப்பிலும் உண்மை இருக்கிறது.

கெய் டிரக்கின் தரை இடைவெளி 16 சென்டிமீட்டர் அளவில். யூடிவிக்கு 30-க்கு மேல். பல மாடல்களில் பின்னால் லீஃப் ஸ்பிரிங். வயல் வரப்புக்குப் போதும், பாறைப் படிக்குப் போதாது. வயிறு பாறையில் உட்கார்ந்துவிட்டால் அந்த ஒல்லிப் பாதையில் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் நிற்க வேண்டும், அல்லது பக்கத்துச் செடிகளை மிதித்துச் சுற்றிப் போவார்கள். டிரெயில் அகலமாவது பாதி இப்படித்தான்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. கெய் டிரக்கில் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது முன் சக்கரத்துக்கு மேலேயே. அவர் முழங்காலுக்கும் எதிரில் வரும் மரத்துக்கும் நடுவில் ஒரு தகடு, ஒரு ஹெட்லைட், அவ்வளவுதான். யூடிவியில் கவிழ்ந்தால் காப்பாற்றும் கூண்டு இருக்கும், அதற்கென்று சோதனைத் தரமும் உண்டு. கெய் டிரக்கின் கூரை மழைக்கும் வெயிலுக்கும் செய்தது. எடை அதன் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் டிரெயில் தரத்தில் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஒரு டிரெயில் நிர்வாகி "என் பொறுப்பில் இதை விட மாட்டேன்" என்று சொன்னால் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் அந்த அகலக் கதை. 50 என்றார்கள், 64 ஆனது, 72 வந்தது. ஒவ்வொரு முறையும் பாலத்தை மாற்றுவது, திருப்பத்தை வெட்டுவது, விழுந்த மரத்தை இன்னும் அகலமாக அறுப்பது யார்? பெரும்பாலும் உள்ளூர் கிளப்களின் தன்னார்வலர்கள், சனிக்கிழமை ரம்பத்தோடு வருகிற சாதாரண ஆட்கள். "மினி டிரக்கை விட்டால் அடுத்து ஜீப் கேட்பான்" என்று அவர்கள் பயப்படுவதற்கு அனுபவம் இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? என் கருத்து இதுதான். தடை வைப்பது தவறில்லை, பெயரை வைத்துத் தடுப்பதுதான் தவறு. மின்னசோட்டா விளக்கத்தின் முதல் பாதி, அதாவது அகலம், எடை, டயர் அழுத்தம், நல்ல வரையறை. எதற்காக வைத்த எண் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல முடியும். அகலம் பாதைக்காக, எடை பாலத்துக்காக, காற்றழுத்தம் மண்ணுக்காக. கூண்டு முக்கியம் என்றால் கூண்டு கட்டாயம் என்று எழுதட்டும், தரை இடைவெளி முக்கியம் என்றால் அதற்கும் ஒரு எண் எழுதட்டும். வண்டிக்காரர் கூண்டு மாட்டி, ஸ்பிரிங் உயர்த்தி, டயர் மாற்றிக்கொண்டு வருவார், அல்லது செலவு கட்டாது என்று விட்டுவிடுவார். பெயர் போட்டு வெளியே தள்ளினால் அவர் செய்வதற்கு எதுவுமே இல்லை. நாளைக்கு ஒரு கம்பெனி அதே அளவில், அதே மூடிய கேபினோடு வண்டி செய்து யூடிவி என்று பெயர் வைத்தால் அது உள்ளே போய்விடும். ஏற்கெனவே கண்ணாடி, கதவு, ஹீட்டர், ஏசி எல்லாம் வைத்த யூடிவிகள் விற்பனையில் இருக்கு. தூரத்தில் இருந்து பார்த்தால் எது லாரி, எது யூடிவி என்று நீங்களே தடுமாறுவீர்கள்.

எண் வைப்பதிலும் ஒரு வம்பு இருக்கு: எங்கே அளப்பது? ரிம்முக்கு ரிம் அளப்பது ஒரு கணக்கு, பாடியின் வெளி விளிம்பில் அளப்பது வேறு கணக்கு. கம்பத்துக்கு நடுவே நுழைய வேண்டியது வண்டியின் மிக அகலமான இடம். மண்ணில் தடம் பதிப்பது டயர். பாதை ஒல்லி என்பதற்காக விதி என்றால் முதலாவதை அளக்க வேண்டும், இரண்டு தடத்துக்கு நடுவே இருக்கும் புல் பிழைக்க வேண்டும் என்றால் இரண்டாவதை. மெட்ராலஜி லேபில் எந்தப் புள்ளியில் இருந்து அளந்தாய் என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குகிறார்களே, காரணம் இதுதான்.

எம்எஸ் படிக்க அங்கே போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். ரூம்மேட் பழைய கேரியில் காட்டுக்குக் கூப்பிட்டால் கிளம்புவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். அந்த மாநிலச் சட்டத்தில் அந்த வண்டிக்கு என்ன பெயர், அந்தக் காட்டின் வரைபடத்தில் அந்தக் கோட்டுக்கு என்ன வகை, பதிவோ ஸ்டிக்கரோ வண்டியில் இருக்கிறதா. போர்டு இல்லை என்பது அனுமதி இல்லை. வரைபடத்தில் இல்லாத பாதை, கண்ணுக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் மூடிய பாதைதான்.

இங்கேயே இருக்கிறவர்களுக்கு ஒரு வேலை. மெஸ் வாசலில் நிற்கும் டாடா ஏஸின் அகலம் 1,500 மில்லிமீட்டர், 59 இன்ச். பழைய ஆம்னி 1,410, அதாவது 55 இன்ச் சொச்சம். இரண்டும் அந்தக் கம்பங்களுக்கு நடுவே நுழையாது. டிரைவர் அண்ணனிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, வண்டியில் சுமை இல்லாதபோது, சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் யாரும் கை, கால், தலை வைக்கக்கூடாது. டயரில் ஸ்டாம்ப் பேட் மை தடவுங்கள். கீழே கிராஃப் ஷீட் ஒட்டிய சார்ட் அட்டையைத் தள்ளிவிட்டு மெதுவாக இறக்குங்கள், திரும்பத் தூக்குங்கள். அட்டையில் பதிந்த கட்டங்களை எண்ணினால் பரப்பு கிடைக்கும். எடைமேடை ரசீதில் இருந்து பின் அச்சின் எடையை எடுத்துப் பாதியாக்குங்கள். வகுத்து வரும் விடையை டயர் கேஜ் காட்டும் காற்றழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு வித்தியாசம் வருகிறது, அந்த வித்தியாசத்தில் பக்கச்சுவரின் பங்கு எவ்வளவு, டயர் பட்டன்களுக்கு நடுவே மை பதியாத இடத்தைப் பரப்பில் சேர்த்தீர்களா இல்லையா என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.